சித்தியின் சுண்டுவிரல் விஷயமாக

பெருமதிப்பிற்குரிய சித்தி அவர்களுக்கு,

தங்கள் அக்காளின் ஒரே மகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் அம்மாவும் நலமாக இல்லை. அவ்விடம் தாங்களும் நலமாக இல்லை என்பதை அம்மாவின் ஃபோன் வழியாக அறிந்துகொண்டேன். சித்தப்பா மட்டும் ராத்திரி பஸ் ஓட்டிவிட்டு வந்து பகலெல்லாம் தூங்குகிறவர் என்பதால், தூக்கத்திலாவது நலமாக இருப்பார் என்று நம்புகிறேன்.

சித்தி, இந்தத் 'தாங்கள்' எனக்கு இதற்கு மேல் வராது. கடிதம் எழுதுவது எப்படி என்று ஒரு வீடியோ பார்த்தேன். வழக்கம்போல இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டதால் முதல் பத்தி மட்டும்தான் மனசில் நின்றது. இனிமேல் நீ என்றே எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சை எழுதி எட்டு மாசம் ஆச்சு, அன்றைக்கு மூடி வைத்த பேனா இது. ஃபோனில் சொல்லலாமே என்று கேட்பாய். இந்த ஆறு நாளில் நாலு தடவை கூப்பிட்டேன், நீ "ஹலோ" என்று சொன்ன குரலைக் கேட்டதும் நாலு தடவையும் வைத்துவிட்டேன். மெசேஜாக அடித்துப் பார்த்தேன். பதினொரு தடவை அடித்தேன், பதினொரு தடவையும் அழித்தேன். அழிக்கிற வசதி கைக்குப் பக்கத்திலேயே இருந்தால் எனக்கு உண்மை வர மாட்டேன் என்கிறது. பேப்பரில் அந்த வசதி இல்லை. கோடு போட்டு அடித்தாலும் கீழே இருப்பது தெரிகிறது. மேலே ஒரு இடத்தில் 'தப்பு என் மேல் மட்டும்தானா' என்று ஆரம்பித்துவிட்டு அடித்திருக்கிறேன் பார், அதைக்கூட நீ வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்துவிடுவாய்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வியாழக்கிழமை ஆபீஸ் டெஸ்டில் நீ ஃபெயில் ஆனது உன் கையால் இல்லை. வயசால் இல்லை. என்னால்.

அதற்குள் கடிதத்தைக் கீழே வைத்துவிடாதே, தயவுசெய்து.

அம்மா சொன்னாள், நீ சமையலறையில் நின்றுகொண்டு இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டே, "என் கை கெட்டுப்போச்சுக்கா, இது இனிமே ஸ்கேனர் ரூமுக்குத்தான் லாயக்கு"ன்னு சொன்னியாமே. அந்தக் கை யாருடைய கை என்று நீயே மறந்துவிட்ட மாதிரி இருப்பதால் ஞாபகப்படுத்துகிறேன். பதினெட்டு வருஷமாக ஆஸ்பத்திரி டாக்டர்கள் பேசிப் பதிவு பண்ணி அனுப்புவதைக் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, காலால் மிதியை அமுக்கி நிறுத்தி நிறுத்தி, எழுத்தாக அடித்துக் கொடுக்கிற கை. பதினாலு சீட் இருக்கிற ஹாலில், மூச்சு விடாமல் ரயில் வேகத்தில் பேசுகிற 'ரயில் டாக்டர்' ஃபைல் வந்தால் மற்ற பதிமூணு பேரும் வயிற்று வலி வந்தவர்கள் மாதிரி குனிந்துகொள்ள, நீதானே அதை எடுப்பாய்? எதையாவது மென்றுகொண்டே பேசுவாரே ஒருத்தர், அவர் சொன்னது கல்லீரலா மண்ணீரலா என்று அவருக்கே சந்தேகம் வந்தபோது உன்னிடம்தானே கேட்டு அனுப்பினார்? அந்தக் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் அதற்குக் கீழே இருந்த கீபோர்டை மாற்றினேன். அவ்வளவுதான் நடந்தது.

முதலிலிருந்து சொல்கிறேன். உங்கள் ஆபீஸில் இருக்கிற, திரையில் ஜன்னல் படம் வருகிற ஜன்னல் மெஷின் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, கடித்த ஆப்பிள் படம் போட்ட பழ மெஷின் வைக்கப் போகிறார்கள், எல்லாரும் அதில் இருபது நிமிஷ டெஸ்ட் எழுதி பாஸ் ஆகணும், ஆகாதவர்களுக்குக் கீழ்த்தளத்தில் ஸ்கேனர் ரூம் என்று நீ வந்து சொன்ன அன்று நீ அழுதுகொண்டிருந்தாய். நான் குதித்தேன். நிஜமாகவே குதித்தேன், மன்னித்துக்கொள். ஏனென்றால் நான் பழக்கட்சி. மூணு வருஷமாக நெட்டில் இருக்கிற பழக்காரர்கள் மன்றத்தில் முகம் தெரியாத ஆட்களுக்கு ஒரு நாளைக்கு நாற்பது பதில் எழுதுகிறவள். 'நாலுகாது' என்றால் அங்கே தெரியாத ஆள் கிடையாது. கமாண்டு கீயின் மேல் நாலு மூலையிலும் காது வைத்த சதுரம் மாதிரி ஒரு குறி இருக்குமே, அதைப் பார்த்து வைத்துக்கொண்ட பேர். ("நாலு காதுன்னு பேரு, சொல்றது ஒண்ணுலயும் விழாது" என்று அம்மா சொல்வது உனக்குத் தெரிந்ததுதான்.) அந்த மன்றத்தில் எங்களை வம்புக்கு இழுப்பதற்கென்றே 'ஜன்னல்தாசன்' என்று ஒருத்தன் வருவான். அவன் அன்றைக்குத்தான் எழுதியிருந்தான், 'ஜன்னலில் பழகிய கைக்குப் பழம் ஒத்துவரவே வராது, எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் ஒரு வருஷம் ஆகும்' என்று. நான் பதில் போட்டேன். 'என் சித்தி, வயது நாற்பத்தாறு, பதினெட்டு வருட ஜன்னல் பழக்கம். இரண்டே வாரம். பார்த்துக்கொண்டே இருங்கள்.'

அதாவது, உன் வேலையை வைத்து நான் பந்தயம் கட்டினேன். உன்னைக் கேட்கவில்லை.

என் பழைய லேப்டாப்பை உன் வீட்டு மேஜையில் கொண்டுவந்து வைத்தேன். மூடியில் 'ஜன்னலைச் சாத்து' என்று நான் ஒட்டின ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு, "ஏன்டி, கொசு வருதா?"ன்னு சித்தப்பா கேட்டார். முதல் நாள் நினைவிருக்கிறதா? ஜன்னலில் மூடுகிற பெருக்கல் குறி வலது மூலையில் இருக்கும், பழத்தில் சிவப்புப் பொட்டாக இடது மூலையில் இருக்கும். நீ வலது மூலைக்கே போய்ப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல், வீடு மாறி வந்தவள் சுவரில் ஸ்விட்ச் தேடுகிற மாதிரி திரையைத் தடவிக்கொண்டிருந்தாய். ஒரு வழியாகச் சிவப்புப் பொட்டை அமுக்கினாய், திறந்திருந்த பெட்டி மூடிற்று, ஆனால் ப்ரோகிராம் கீழே திறந்தே கிடந்தது. "மூடினப்புறமும் உள்ள யாரோ இருக்காங்களே"ன்னு பயந்தாய். பிறகு ஃபைலைத் திறக்க என்டர் தட்டினாய். ஜன்னலில் என்டர் தட்டினால் ஃபைல் திறக்கும். பழத்தில் என்டர் தட்டினால் பேர் மாற்றவா என்று கேட்டுக்கொண்டு நிற்கும். நீ அதைக் கவனிக்காமல் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு டாக்டர் சொல்லச் சொல்ல அடித்தாய். நிமிர்ந்து பார்த்தால் உள்ளே ஒரு எழுத்து இல்லை, ஆனால் அந்த ஃபைலுக்குப் பேரே 'நோயாளி நேற்று முதல் உணவு உட்கொள்ளவில்லை மலம் சீராக உள்ளது'. நாம் இரண்டு பேரும் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தோம். அதுதான் நாம் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது என்று இப்போது தோன்றுகிறது.

மூணாவது நாள்தான் நான் செய்தேன். ஜன்னலில் காப்பி, பேஸ்ட், தேடுவது, சேமிப்பது எல்லாம் கண்ட்ரோல் கீயோடு. அது கீபோர்டின் ஓரத்தில் இருக்கிறது, சுண்டுவிரல் வேலை. பழத்தில் அதே வேலையெல்லாம் கமாண்டு கீயோடு. அது ஸ்பேஸ் பாருக்குப் பக்கத்தில், கட்டைவிரல் வேலை. இது ஒன்றுதான் பெரிய வித்தியாசம், மற்றதெல்லாம் சில்லறை. உன் சுண்டுவிரல் பதினெட்டு வருஷ சர்வீஸ். கட்டைவிரலை நேற்றுத்தான் வேலைக்குச் சேர்த்திருக்கிறோம். நூறு தடவை சொல்லியும் அவசரத்தில் சுண்டுவிரல்தான் முந்திரிக்கொட்டை மாதிரி முந்தியது. நீ ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, "எனக்கு வராதுடி. வேற யாருக்காவது சொல்லிக் குடு, புண்ணியமாப் போகும்"னு சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாய். தண்ணீர் விழுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. அந்த நேரத்தில் நான் செட்டிங்ஸுக்குள் போய், கண்ட்ரோலைக் கமாண்டாகவும் கமாண்டைக் கண்ட்ரோலாகவும் மாற்றி வைத்தேன். ஆறு கிளிக். இனிமேல் உன் சுண்டுவிரல் எதை அமுக்கினாலும் மெஷின் அதைக் கமாண்டு என்றே எடுத்துக்கொள்ளும்.

நீ முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாய். காப்பி வந்தது. பேஸ்ட் வந்தது. "வந்துடுச்சுடி! பாரேன், வந்துடுச்சு!"ன்னு கத்தினாய். சித்தப்பா தூக்கத்திலிருந்து எழுந்து வந்து, என்ன வந்தது யார் வந்தது என்று வாசல் கதவைத் திறந்து பார்த்தார்.

நான் அப்போது சொல்லியிருக்கணும். வாயைத் திறந்தேன், சித்தி. சத்தியமாகத் திறந்தேன். நீ என் கன்னத்தைப் பிடித்து, "நீ வாத்தியாராப் போகணும்டி. ஒரு காலேஜ் படிக்காம இவ்வளவு தெரிஞ்சுவச்சிருக்க"ன்னு சொன்னாய். எட்டு மாசமாக வேலை தேடுகிறேன். வேலை கேட்டுப் போன இடத்தில் எல்லாம் "கம்ப்யூட்டர் எங்க படிச்சீங்க"ன்னு கேட்பார்கள், "நானே படிச்சேன்"னு சொன்னதும் ஒரு தலையாட்டு ஆட்டுவார்கள் பார், கதவு சாத்துகிற மாதிரி இருக்கும். அந்த எட்டு மாசத்தில் என்னைப் பார்த்து ஒரு ஆள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. வாயை மூடிக்கொண்டேன். ஒரு வாரம் போகட்டும், தைரியம் வந்ததும் மெதுவாகப் பழையபடி மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் மன்றத்தில் எழுதினேன், 'மூன்றே நாள்!' என்று. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கைதட்டினார்கள். பிறகு அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரையும் ஏமாற்றாமல் உன்னிடம் உண்மை சொல்வது எப்படி என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே வியாழக்கிழமை வந்துவிட்டது.

அன்றைக்கு நடந்ததை உன் பக்கத்து சீட் அக்கா அம்மாவிடம் சொல்லி, அம்மா என்னிடம் சொன்னாள். அவர்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. எனக்கு ஒவ்வொன்றும் புரிந்தது. நீ சுண்டுவிரலால் காப்பி அமுக்கினாய், காப்பி ஆகவில்லை. ஆபீஸ் மெஷினில் கீ மாறவில்லையே, கண்ட்ரோல் அங்கே நிஜக் கண்ட்ரோல். பேஸ்ட் அமுக்கினாய், எழுத்து வரவில்லை, பக்கமே கீழே இறங்கிப் போய்விட்டது. பழத்தில் கண்ட்ரோலோடு வி அமுக்கினால் ஒரு பக்கம் கீழே போகும், யாருக்கும் உபயோகமில்லாத ஒரு பழைய வழக்கம், எனக்குத் தெரியும், அதைப் பற்றி மன்றத்தில் பெரிய கட்டுரையே எழுதியிருக்கிறேன். நோயாளி பேரைத் தேடலாம் என்று எஃப் அமுக்கினாய், தேடுகிற பெட்டி வரவில்லை, கர்சர் ஒரே ஒரு எழுத்து முன்னால் நகர்ந்தது. நீ திரையைப் பார்க்காமல் பேரை அடித்துவிட்டாய். அந்தம்மாள் பேர் டாக்டர் சொன்ன வாக்கியத்துக்கு நடுவில், இடது சிறுநீரகத்துக்குள் போய் விழுந்தது. பதறிப்போய், செய்ததைத் திருப்புகிற 'இசட்' எழுத்தை அமுக்கினாய், ஒன்றும் திரும்பவில்லை. மறுபடி அமுக்கினாய். அக்கா சொன்னாங்களாம், "அவ அந்தக் கீயை அமுக்கின அமுக்குல எங்க மேஜை எல்லாம் ஆடிச்சு"ன்னு. கடைசியில், சரி, மேலே போய் முதலிலிருந்து பார்ப்போம் என்று கண்ட்ரோலை மேல் அம்புக்குறியோடு சேர்த்து அமுக்கினாய். வீட்டில் அது பக்கத்தின் தலைக்குக் கொண்டுபோகும். அங்கே, திறந்திருந்த எல்லாம் சின்னச் சின்னதாகச் சுருங்கி, கல்யாண ஆல்பம் மாதிரி திரை முழுக்கப் பரவி நின்றது. நீ கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாயாம். பாக்கி ஒன்பது நிமிஷமும் எடுக்கவே இல்லையாம். காதில் மட்டும் டாக்டர் பேசிக்கொண்டே இருந்திருப்பார்.

சூப்பர்வைசர் மேடம் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, நீங்களா இப்படி?"ன்னு கேட்டாங்களாம். நீ, "வயசாயிடுச்சு மேடம்"னு சொன்னியாம்.

சித்தி, அந்த ஒரு வரியைத்தான் ஆறு நாளாக என்னால் தாண்ட முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அது, படுத்தால் அது. உனக்கு வயசு ஆகவில்லை. நாற்பத்தாறு ஒரு வயசே கிடையாது. நீ கற்றுக்கொண்டதாக நினைத்த எதையும் நான் கற்றுக்கொடுக்கவே இல்லை. உன் பழைய கையையே உனக்குப் புதுசு மாதிரி காட்டி ஏமாற்றினேன். ஜன்னல்தாசன் தினமும் வந்து, 'சித்தி ரிசல்ட் என்ன ஆச்சு, நாலுகாது?' என்று கேட்கிறான். நேற்று அவனுக்குப் பதில் போட்டேன். 'சித்தி பாஸ். நான் ஃபெயில்.' அவன் முதல் தடவையாகக் கிண்டல் பண்ணாமல், 'என்னாச்சு?' என்று கேட்டான். அது இன்னும் அவமானமாக இருந்தது. மன்றத்தை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

இப்போது முக்கியமான விஷயம். ஃபெயில் ஆனவர்கள் இன்னொரு தடவை எழுதக் கேட்கலாம், வெள்ளிக்கிழமைக்குள் கேட்கணும் என்று அக்கா சொன்னாங்களாம். நீ கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாயாம். கேள் சித்தி. கெஞ்சிக் கேட்கிறேன், கேள். இன்று புதன்தான். கீழ்த்தளத்து ஸ்கேனர் ரூமில் வெளிச்சம் வராது என்று நீயே சொல்லியிருக்கிறாய். பேப்பரை வைத்துப் பச்சைப் பட்டனை அமுக்கு, பேப்பரை வைத்துப் பச்சைப் பட்டனை அமுக்கு. ரயில் டாக்டரையே பிடித்து நிறுத்தின கை பச்சைப் பட்டன் அமுக்கவா?

உனக்கு உதவியாக நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். இன்று காலை ஒன்பதரைக்கு, நீ ஆபீஸ் போன பிறகு, உன் வீட்டுக்கு வந்தேன். சித்தப்பா கண்ணைத் திறக்காமலே கதவைத் திறந்தார். செட்டிங்ஸுக்குள் போய், மாற்றி வைத்திருந்த இரண்டு கீயையும் ஒழுங்காகப் பழையபடி வைத்துவிட்டேன். இப்போது உன் வீட்டு லேப்டாப்பும் ஆபீஸ் மெஷினும் ஒன்றுதான், ஒரு வித்தியாசமும் கிடையாது. இனிமேல் ஏமாற்று வேலை இல்லை. "சித்திகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க சித்தப்பா, நானே லெட்டர்ல எழுதி வைக்கிறேன்"னு சொன்னேன். "நான் எதுக்குச் சொல்லப்போறேன், நான் தூங்கிட்டு இருக்கேன்"னு சொன்னார், தூங்கிக்கொண்டே. நீ சாயந்திரம் வந்து லேப்டாப்பைத் தூக்கினால் அடியில் இந்தக் கடிதம் இருக்கும். படித்த பிறகு என்னை வா என்று சொன்னால் வருகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து, இந்தத் தடவை உன் கட்டைவிரலுக்கு நிஜமாகவே சொல்லிக்கொடுக்கிறேன். வராதே என்று சொன்னால் வரவில்லை. ஆனால் இன்னொரு தடவை "வயசாயிடுச்சு" என்று மட்டும் யாரிடமும் சொல்லாதே.

எட்டுப் பக்கம் ஆகிவிட்டது. கை வலிக்கிறது. உன் கை எப்படிப் பதினெட்டு வருஷம் தாங்கியது என்று தெரியவில்லை.

சித்தப்பாவுக்கு என் வணக்கம், அவர் விழித்திருந்தால். பக்கத்து சீட் அக்காவுக்கு நன்றி. உனக்கு எல்லா நலமும் வெளிச்சமுள்ள ஹாலில் உன் பழைய சீட்டும் கிடைக்க வேண்டுமென்று, இதுவரைக்கும் எதையும் வேண்டிக்கொண்டு பழக்கமில்லாத நான் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் மன்னிப்புக்குக் காத்திருக்கும்
அக்கா பொண்ணு

பின்குறிப்பு: சித்தி, மேல எழுதின எதையும் படிக்காத. இதை மட்டும் படி.

உன் ஆபீஸ் வாசல்ல நின்னு எழுதறேன். ரெண்டு மணிக்கு லெட்டரை வைக்கலாம்னு உன் வீட்டுக்குப் போனேன். மேஜைல லேப்டாப் இல்ல. சித்தப்பாவை உலுக்கி எழுப்பினேன். "அவதான் மத்தியானம் ஓடி வந்து தூக்கிட்டுப் போனாளே, மூணு மணிக்கு டெஸ்டாம்"னு சொல்றார். எந்த டெஸ்ட்டுன்னு கேட்டேன். நேத்து சாயந்திரம் என்கிட்ட லேப்டாப்பைத் திருப்பிக் குடுக்கலாம்னு துடைச்சு வச்சியாம், சும்மா ஒரு தடவை உக்காந்து அடிச்சுப் பாத்தியாம், மழை மாதிரி அடிச்சியாம். இன்னைக்குக் காலைல மேடம்கிட்ட நேரா போய், "வீட்ல ஓடுது, இங்க ஓடல. அதே ஆளு, அதே கை. தப்பு மெஷின்லதான் இருக்கணும், எங்க அக்கா பொண்ணு சொல்லிக் குடுத்தது தப்பா இருக்காது. நான் வீட்டு மெஷின்லயே எழுதறேன்"னு சொன்னியாம். அவங்களும், சாம்பிள் ஃபைல்தானே, கொண்டு வாங்கன்னு சொல்லிட்டாங்களாம்.

"அவ கொண்டுபோறப்போ நீங்க ஏன் சொல்லல சித்தப்பா, நான் காலைல வந்துட்டுப் போனேன்னு?"

"நீதானேம்மா சொல்லாதீங்கன்னு சொன்ன!"

பஸ்ஸைப் பிடிச்சு ஓடி வந்தேன். மணி ரெண்டு நாப்பத்தேழு. உன் ஃபோன் வாசல் பெட்டில பூட்டிக் கிடக்கு, நான் கூப்பிடறேன், அது எனக்குப் பக்கத்துலயே கிடந்து அடிக்குது. செக்யூரிட்டி அண்ணன் என்னை உள்ள விட மாட்டேங்கிறார். நோயாளி ரகசியமாம். லெட்டரையாவது குடுங்கண்ணான்னு கேட்டேன். கட்டைப் பாத்தார்.

"இது என்ன, லீவ் லெட்டரா?"

"இல்லண்ணா, மன்னிப்பு."

"மன்னிப்புக்கு எட்டுப் பக்கமா? கொலை கிலை பண்ணிட்டியா?"

"கிட்டத்தட்ட."

"ஒரு பேப்பர்னா மடிச்சுக் கொண்டுபோவேன். இந்தக் கட்டைக் கொண்டுபோனா உள்ள பிட்டுன்னு நினைப்பாங்க."

அதனால இந்த ஒரு பேப்பர்தான் வருது. இதைக் கவனமாச் செய். இடது மேல் மூலைல பழத்தை அமுக்கு. செட்டிங்ஸ். கீபோர்டு. அதுல ஷார்ட்கட்ஸ். அதுக்குள்ள 'மாடிஃபையர் கீஸ்'னு இருக்கும். கண்ட்ரோல்னு இருக்கிற வரிசைல கமாண்டைத் தேர்ந்தெடு, கமாண்டு வரிசைல கண்ட்ரோலை. ஓகே குடு. உன் சுண்டுவிரல் வந்துடும். அது ஏமாத்து வேலைன்னு அந்த எட்டுப் பக்கக் கட்டுல ஒரு பக்கம் பூரா எழுதியிருக்கேன். இல்ல. அது செட்டிங்ஸ். எல்லாருக்கும்தான் குடுத்திருக்கான்.

வாசல் கண்ணாடி வழியா ஹால் தெரியுது. நீ உக்காந்திருக்க. என் ஸ்டிக்கர் தெரியுது, மேடம் அதைப் படிச்சிட்டு நிக்கிறாங்க. நீ இன்னும் மூடியைத் திறக்கல. கையை மடில வச்சுப் பாத்துக்கிட்டே இருக்க.

பேப்பர்ல ரெண்டு வரிக்குத்தான் இடம் இருக்கு. செட்டிங்ஸோட நிறுத்திட்டா யார் பண்ணதுன்னு உனக்குத் தெரியாது, நீ பாஸ் ஆயிடுவ, நான் வாத்தியாராவே இருப்பேன். பேனாவைத் தூக்கிட்டு நிக்கிறேன், அண்ணன் "சீக்கிரம்மா"ங்கிறார்.

அன்னைக்குக் கீயை மாத்தினது நான். சொல்லாம விட்டது நான். இன்னைக்குக் காலைல திரும்ப மாத்தினதும் நான். கையைப் பாக்காத சித்தி, திரையைப் பாரு.